கரண்ட் பில்லில் பாதி தள்ளுபடி உண்டா?

கேள்வி: ஐயா, வணக்கம். கடலூர் முதுநகரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது, முதியோர் உதவித்தொகை வருகிறது. தம்பிக்கு 34 வயது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, தண்டுவடம் அடிபட்டு, ஆறு வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். 80 சதவீத ஊனச் சான்றிதழ் இருக்கிறது. அவனுக்கு மாதம் 1,500 ரூபாய் வருகிறது. நான் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். போன தடவை 310 யூனிட்டுக்கு கரண்ட் பில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. தம்பியின் காற்று மெத்தையும் ஃபேனும் நாள் முழுக்க ஓடுவதால்தான் இவ்வளவு என்று நினைக்கிறோம். 60 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பில்லில் பாதி தள்ளுபடி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஈபி ஆபீஸில் கேட்டேன், அப்படி எதுவும் இல்லை என்றார்கள். ஆனால் பண்ருட்டி பக்கம் கிராமத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு பில்லே வருவதில்லை. இந்தச் சலுகைக்கு யாரிடம் மனு கொடுப்பது? இன்னொன்று, சர்வீஸ் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. முன்னறையில் பெட்டிக்கடை வைத்திருந்தார். 2022-ல் அவர் காலமானதும் கடையை மூடிவிட்டோம். சலுகை கேட்க அது தடையாக இருக்குமா?

ஒரு சகோதரி, கடலூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, 310 யூனிட்டுக்கு மூவாயிரமா என்று திகைத்துப்போனேன். மறுபடி படித்தபோது, கடைசியில் 'இன்னொன்று' என்று தொடங்கி நீங்கள் எழுதியிருந்த நாலு வரியில் காரணம் தெரிந்தது. சலுகை கேட்க அப்பாவின் கடை தடையாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பில் ஏறியதற்கே அந்தக் கடைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில். 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி, மொத்த உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு, 201-லிருந்து 400 வரை 4 ரூபாய் 70 காசு. 310 யூனிட்டுக்கு 235-ம் 517-ம் சேர்ந்து 752 ரூபாய் வரும். நீங்கள் கட்டியதோ மூவாயிரத்துக்கு மேல். உங்கள் வீட்டு மீட்டர் இன்னும் வணிகக் கட்டணத்தில் ஓடுகிறது என்பதைத் தவிர இந்த வித்தியாசத்துக்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. வணிக இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. யூனிட் விலை பல மடங்கு. அதோடு கிலோவாட் கணக்கில் மாதா மாதம் நிலைக் கட்டணமும் சேரும்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். மீட்டர் அட்டையையோ கடைசியாகப் பணம் கட்டிய ரசீதையோ எடுத்து, 'டாரிஃப்' அல்லது 'கட்டண வகை' என்று போட்ட இடத்தைப் பாருங்கள். 1-ஏ என்று இருந்தால் வீடு. 5 என்று இருந்தால் வணிகம். 5 என்று இருந்தால் தம்பியின் மெத்தையைக் குறை சொல்ல வேண்டியதே இல்லை.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வயதுக்காகவோ ஊனத்துக்காகவோ வீட்டு மின் கட்டணத்தில் தனித் தள்ளுபடி தமிழ்நாட்டில் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்தது பொய். ஆபீஸில் சொன்ன பதில் சரி. ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 62-வது பிரிவு, கட்டணம் நிர்ணயிக்கும் ஆணையம் எந்த நுகர்வோருக்கும் தகாத சலுகை காட்டக் கூடாது என்கிறது. எவ்வளவு மின்சாரம், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்பது போன்றவற்றை வைத்துத்தான் கட்டணத்தைப் பிரிக்கலாம். பயன்படுத்துபவரின் வயது அந்தப் பட்டியலில் இல்லை. ஆணையம் வைத்த விலையை அதற்கு மேல் குறைக்க மாநில அரசு நினைத்தால், 65-வது பிரிவின்படி அந்தப் பணத்தை அரசே முன்கூட்டி மின் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். 2016 மே 23 அன்று ஜெயலலிதா மறுபடி முதலமைச்சராகப் பொறுப்பேற்ற நாளில் கையெழுத்திட்ட 100 யூனிட் இலவசம் அப்படி வந்ததுதான். அது பணக்காரர் வீட்டுக்கும் உண்டு, உங்கள் வீட்டுக்கும் உண்டு. வீட்டு இணைப்பு என்ற ஒரே தகுதிதான் அதற்கு வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அந்தத் தகுதி இருந்தும், மீட்டருக்கு இல்லாமல் போய்விட்டது.

வெளிநாட்டில் வேறு மாதிரி நடக்கிறது. கலிபோர்னியாவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மின் கட்டணத்தில் 30 முதல் 35 சதவீதம் வரை குறைக்கும் 'கேர்' என்ற திட்டம் இருக்கிறது. உடல்நிலை காரணமாகக் கருவிகளை ஓட்ட வேண்டியவர்களுக்குக் குறைந்த விலையில் கூடுதல் யூனிட் தருவதும் அங்கே உண்டு. இப்படிப்பட்ட செய்தி எதையோ யாரோ உள்ளூர் விஷயம் போலத் திரித்து அனுப்பியிருக்கலாம். என் மனதில் பட்டதையும் சொல்கிறேன். வீட்டில் ஆக்சிஜன் கருவியை ஓட்டிக்கொண்டிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு இங்கேயும் வேண்டும். ஐந்து லிட்டர் கருவி ஒன்று 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 430 யூனிட்டைத் தாண்டும். மூச்சு விடுவதற்கே அவ்வளவு செலவு. இப்படிப்பட்டவர்களுக்கு 100 யூனிட் போதவே போதாது. அரசு 65-வது பிரிவின் வழியாகவே இதைச் செய்யலாம்.

புதுச்சேரியில் இருக்கும் உறவினர்கள் சொல்வதையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் மின்துறை வேறு, கட்டணம் வைக்கும் ஆணையம் வேறு. பில்லும் மாதா மாதம் வரும். அங்கே உள்ள விலையைக் காட்டி இங்கே கேட்க முடியாது.

பெரியம்மாவுக்கு பில் வராததற்குக் காரணம் அவர் இருக்கும் வீடு. அது பெரும்பாலும் குடிசை மின் இணைப்பாக இருக்கும். 250 சதுர அடிக்குள் மண் சுவர் வைத்து, கீற்று, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் இவற்றில் ஒன்றை வேய்ந்த வீடுகளுக்கு விளக்கெரிக்கத் தரும் இணைப்பு அது. அங்கே இருபது வயதுப் பையன் குடியிருந்தாலும் பில் வராது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து நம் மாவட்டத்தில் குடிசைகள் போன பிறகு, அரசுத் திட்டத்தில் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கான்கிரீட் வீட்டுக்குக் குடிசை இணைப்பு பொதுவாகப் பொருந்தாது. பெரியம்மா வீட்டைக் கட்ட நினைத்தால் மீட்டர் வைத்த வீட்டு இணைப்புக்கு மாற வேண்டியிருக்கும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். பிறகு அபராதம் வந்து நின்றால் அந்த வயதில் தாங்கமாட்டார்.

ஆபீஸில் உங்களுக்குக் கிடைத்த பதில் சரி என்று சொன்னேன். ஆனால் சரியான பதில் மட்டும் போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தபோது, ஓர் அலுவலகத்தில், வயதான ஓர் அம்மா ஜன்னலோரம் வந்து நின்றார். "வயசானவங்களுக்குக் குறைச்சுப் போடுறாங்களாமே தம்பி" என்றார். "அப்படியெல்லாம் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் அவருடைய அட்டையை வாங்கிப் பார்த்திருக்கலாம். சில வருடம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அவர் கணவர் வீட்டோடு வைத்திருந்த கடை எப்போதோ மூடிவிட்டது, மீட்டர் மட்டும் வணிகத்திலேயே இருந்தது. அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடையில் பிழை இல்லை. அவர் கேட்காமல் விட்டதை நான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, அப்பா பெயரிலிருந்து அம்மா பெயருக்கு மாற்றம். இன்னொன்று, வணிகத்திலிருந்து வீட்டுக் கட்டணத்துக்கு வகை மாற்றம். பெயர் மாற்றத்துக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, அம்மாவின் ஆதார், மற்ற வாரிசுகளான உங்களுடைய, தம்பியுடைய சம்மதக் கடிதம் இவை வேண்டும். வாரிசு சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள். அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

பெயர் மாறி வந்த பிறகு வகை மாற்றத்தைப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு மனுவையும் ஒன்றாகக் கொடுங்கள். வகை மாற்ற மனுவில், இன்ன சர்வீஸ் நம்பரில் இருந்த கடை 2022-ல் மூடப்பட்டது, இப்போது வீடாக மட்டுமே பயன்படுகிறது, 1-ஏ வகைக்கு மாற்றித் தர வேண்டும் என்று மூன்று வரி எழுதினால் போதும். நகல் ஒன்றை நீட்டி, தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் போட்டால் பதிவு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி உங்களுக்குப் பணம். எந்த நாளிலிருந்து வீட்டுக் கட்டணம் போட வேண்டும் என்ற பேச்சு வரும்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். இத்தனை காலம் அதிகமாகக் கட்டியது திரும்பக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கேட்டு எழுதலாம், தவறில்லை. ஆனால் கடை மூடியதை எழுத்தில் தெரிவிக்காத காலத்துக்குப் பணம் திரும்ப வரும் என்று நான் உங்களுக்கு நம்பிக்கை தரமாட்டேன். தாமதிக்கும் ஒவ்வொரு ரீடிங்குக்கும் இரண்டாயிரத்துக்கு மேல் போகிறது. அம்மாவின் இரண்டு மாத உதவித்தொகை கிட்டத்தட்ட முழுதாக அதிலேயே கரைகிறது.

மனு கொடுத்த பிறகு நேரில் பார்க்க ஆள் வருவார்கள். அதற்குள் முன்னறையைக் கவனியுங்கள். அப்பா போன பிறகு அந்த அறையில் கை வைக்க உங்களுக்கு மனம் வந்திருக்காது. எனக்குப் புரிகிறது. ஆனால் வெளியே கடைப் பலகை தொங்கிக்கொண்டு, உள்ளே கண்ணாடி ஜாடிகளும் குளிர்பான ஃபிரிட்ஜும் அப்படியே இருந்தால், கடை இன்னும் நடக்கிறது என்றுதான் வருகிறவர் எழுதிக்கொண்டு போவார். பலகையைக் கழற்றுங்கள். தம்பியின் கட்டிலை அந்த அறைக்குக் கொண்டுவர முடியுமானால் அவனுக்குத் தெருவாவது கண்ணில் படும். பிறகு எப்போதாவது நீங்கள் அங்கே கடை போட நினைத்தால் அந்த அறைக்குத் தனி வணிக இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு மீட்டரில் இழுக்காதீர்கள்.

மனு நகரவில்லை என்றால் முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. எந்த நேரமும் கூப்பிடலாம். அங்கே தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது, கடலூர் வட்டத்திலும் உண்டு. அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுத்துப் பேசலாம். மன்றத்தின் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். இந்த விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது.

இனி தம்பியின் அறை. காற்று மெத்தையின் பம்பு பத்து வாட் என்றே வைத்துக்கொள்வோம், அதற்கு மேல் பெரும்பாலும் போகாது. இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டைத் தொடாது. புண் வராமல் காப்பது அந்த மெத்தைதான். பில்லுக்குப் பயந்து தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். உண்மையில் தின்பது மேலே சுற்றும் பழைய ஃபேன். 75 வாட் ஃபேன் ஒன்று 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 108. அரசு தரும் இலவச 100 யூனிட்டை அந்த ஒரு ஃபேனே விழுங்கிவிடும். 28 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் கடைகளில் கிடைக்கிறது. அதே நேரத்துக்கு 40 யூனிட்தான் இழுக்கும். விலை சற்றுக் கூடுதல். முதலில் தம்பி அறைக்கு மட்டும் ஒன்று வாங்குங்கள். மற்ற அறைகளுக்கு அவசரமில்லை.

உங்களுக்கு இப்போதைக்குத் தேவைப்படாது என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக 500 யூனிட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். அதைத் தாண்டினால் கணக்கே வேறு. 2 ரூபாய் 35 காசு படி காணாமல் போய், 101-லிருந்தே 4 ரூபாய் 70 காசு வந்துவிடும். 520 யூனிட்டுக்கு 2,208 ரூபாய். இருபது யூனிட்டுக்கு 403 ரூபாய் கூடுகிறது. ஏப்ரல், மே வெயிலில் முதியவர்கள் இருக்கும் பல வீடுகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. ரீடிங் எடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே மீட்டரைப் பார்த்துக் கடைசி ரீடிங்கோடு கழித்துவிட்டால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். 'வீட்டுக்கு இரண்டு சர்வீஸ் வாங்கு, 200 யூனிட் இலவசம்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தனி வாசல், தனிச் சமையலறை என்று உண்மையிலேயே இரண்டு குடித்தனம் இருந்தால் சரி. ஒரே குடும்பத்துக்கு இரண்டு மீட்டர் என்று தெரியவந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள்.

நீங்கள் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. தம்பிக்கு வரும் 1,500 ரூபாய் வருவாய்த் துறை தரும் உதவித்தொகையாக இருக்க வேண்டும். ஒரே வகையான உதவி மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2023-ல் முதியோருக்கு 1,200, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,500 என்று வந்த கணக்கு அதற்குப் பொருந்துகிறது. ஆனால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் பராமரிப்பு உதவித்தொகை என்று தனியாக ஒன்று உண்டு. 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அது கிடைக்கும். 2022-லேயே அதை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். தம்பிக்கு இரண்டு வழியிலும் தகுதி இருக்கிறது. இரண்டு தொகையையும் சேர்த்து வாங்க முடியாது, இதிலிருந்து அதற்கு மாறிக்கொள்ளலாம். மஞ்சக்குப்பத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் சான்றிதழ், தனித்துவ அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் இவற்றின் நகலோடு நீங்கள் போனால் போதும், அவனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். புதிய தொகை உறுதியாகும்வரை பழையதை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இடையில் சில மாதம் இரண்டும் இல்லாமல் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பை நம்பும் வீடு என்பதால் சொல்கிறேன். 'பில் பாக்கி, இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்' என்று செய்தி வரும். அது திருட்டுக் கும்பலின் வேலை. பணம் கட்டாவிட்டால்கூட, 15 முழு நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிக்காமல் இணைப்பைத் துண்டிக்க 56-வது பிரிவு இடம் தரவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிவையுங்கள். படுக்கையில் மகன் இருக்கும் வீட்டில் கரண்ட் போய்விடும் என்று யாராவது சொன்னால், பதற்றத்தில் அவர் எதையும் செய்துவிடுவார்.

அட்டையில் அடுத்த ரீடிங் எந்தத் தேதியில் வரும் என்று பாருங்கள். அதற்கு முன்பே மனுவின் நகலில் முத்திரை விழ வேண்டும். ஜவுளிக்கடையில் அரை நாள் லீவு கேட்டால் போதும், பத்து மணிக்கே போய்விடுங்கள். டாரிஃப் என்ற இடத்தில் 5 இல்லாமல் 1-ஏ என்றே போட்டிருந்தால், பில் போட்டதில் வேறு ஏதோ சிக்கல் என்று அர்த்தம். அப்படியென்றால் மனு கொடுப்பதற்கு முன் அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதற்கு வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.